அறையை மூடித் தணல் வைத்த வெள்ளிக்கிழமை

அண்ணை, இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அம்மா எழுத வேண்டாம் என்று சொல்வதையும் எழுதுவேன், நான் எழுதக் கூசுவதையும் எழுதுவேன். இது அம்மா உங்களுக்கு எழுதும் கடிதம். கை மட்டும் என்னுடையது. காலையிலிருந்து அம்மா தானே மூன்று தாள் எழுதிப் பார்த்தார். மூன்றும், உங்களைக் கூப்பிடும் வழக்கப்படி, "அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம்" என்று தொடங்கி, இருட்டுவதற்கு முன் திரைச்சீலையை இழுத்துவிடு என்பதோடு நின்றுவிட்டன. நான் தமிழ்ப் பள்ளி முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பேனையை என் கையில் தந்தார்.

"நீ எழுது பிள்ளை. நான் எழுதினால் என்னை நானே காப்பாத்திப் போடுவன்."

"நான் எழுதினால் எல்லாத்தையும் எழுதுவன் அம்மா. பேந்து வெட்டச் சொல்லக் கூடாது."

"அதுக்குத்தானே உன்னட்டத் தாறன்."

இன்று காலை நீங்கள் வேலைக்குப் போகும் முன் குடும்பக் குழுவில் போட்ட படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். குழந்தை போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடக்கிறாள். கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "அம்மாட முறைப்படி வீடு முழுக்க அடைச்சாச்சு. இனிக் குளிர் வந்து பாக்கட்டும்." அம்மா முதலில் சிரித்தார். எங்கள் வீட்டில் செய்ததைப் போலவே யன்னல் கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தீர்கள். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்திருந்தீர்கள். பிறகு என்னைப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அப்போதுதான் மூன்று பொருள்களைக் கண்டோம். சுவரின் மேல் மூலையில் இருக்கும் காற்றுத் துவாரத்தின் மேல் மண்ணிற டேப் ஒட்டியிருந்தது. கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குக் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டியிருந்தீர்கள். கதவருகே, வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்கள் மாமியின் சூட்கேசும், அதன் மேல் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தன. டின்னில் பிஸ்கட் இல்லை, சிரட்டைக்கரி என்று அண்ணி நேற்றே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை குழந்தைக்கு முப்பத்தோராம் நாள். துடக்குக் கழித்து, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவார்கள். அம்மா அடுப்பில் கொதித்த கறியை அணைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்துவிட்டார்.

போனில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். உங்கள் போன் வேலை முடியும் வரை லொக்கருக்குள் இருக்கும். அண்ணியின் போனில் யார் கதைத்தாலும் அது ஸ்பீக்கரில்தான் கேட்கும், பக்கத்தில் மாமி இருப்பார். இந்தக் கதையைச் சம்பந்தி காதில் விழச் சொல்ல ஏலாது என்கிறார் அம்மா. சம்பந்திக்கு முன்னால் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் இந்தப் பயம் இவ்வளவு தூரம் வந்தது என்பதையும் எழுதச் சொன்னார். நீங்கள் விம்பிள்டன் வீட்டுக்குக் குடிபோன கிழமை, அண்ணியிடமும், வீடியோவில் மாமியிடமும், ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீடு ஹீட்டிங் போடாமலே எப்படிச் சூடாக இருக்கிறது என்று அம்மா ஒரு மணித்தியாலம் சொல்லியிருக்கிறார். முறை முழுவதையும் சொன்னார். அந்த முறை எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லுவோம் என்கிறார். நல்லது நிறைய இருக்கிறது, அதையும் நீங்கள் செய்ய வேண்டும். வெளிச்சுவரோடு இருக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் வெள்ளித்தாள் ஒட்டினால் சூடு சுவருக்குப் போகாமல் அறைக்குள் திரும்பும். உங்கள் சோபா ரேடியேட்டரை முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை ஒரு முழம் தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சோபாவுக்குத்தான் சூடு காய்கிறது. ரேடியேட்டர் மேல் பக்கம் குளிர்ந்தும் கீழே சுட்டும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்குரிய திறப்பால் மெல்லத் திருப்பி, ஸ்ஸ் என்று காற்றுப் போய்த் தண்ணீர் துளிர்க்கும் வரை விட வேண்டும். இருக்காத அறையின் ரேடியேட்டரைக் குறைத்துவைத்துக் கதவைச் சாத்த வேண்டும். திரைச்சீலையை நாலு மணிக்கே இழுத்துவிட வேண்டும், ஆனால் அது ரேடியேட்டருக்கு மேலே தொங்கக் கூடாது. ஹீட்டிங்கை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட விடாமல், எழும்பும் நேரத்துக்கும் பின்னேரத்துக்கும் மட்டும் நேரம் குறித்து வைக்க வேண்டும். அம்மா இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் பழைய குரலாக, சம்பந்தியிடம் பெருமை பேசிய குரலாக மாறியது.

"அம்மா, இதுக்கும் மூண்டு தாள் போகும்."

"சரி, நிப்பாட்டுறன். நிப்பாட்டினால் அடுத்தது அதுதானே பிள்ளை. பயமாக் கிடக்கு."

அதற்குப் பதிலாக, உங்களுக்கே தெரிந்த இன்னொரு பிழையை முதலில் சொன்னார். நீங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க இருமினீர்கள். அப்போது அம்மா தோய்த்த உடுப்பெல்லாவற்றையும் உங்கள் அறை ரேடியேட்டரில் காயப்போட்டு, சூடு போய்விடும் என்று யன்னலைத் தைமாதம் முழுக்கத் திறக்கவில்லை. மாசியில் அலுமாரியை நகர்த்தினால் சுவர் கறுத்திருந்தது. உங்கள் தலைமாட்டில் பூஞ்சணம் வளர்ந்திருந்தது. "என்ர மகன்ர நெஞ்சுக்கை நான் போட்ட ஈரம் அது" என்றார் அம்மா. அதனால் குழந்தையின் அறையில் உடுப்பு காயப்போடக் கூடாது. காலையில் பத்து நிமிடம் யன்னலைத் திறக்க வேண்டும். சுவரும் கட்டிலும் பிடித்துவைத்த சூடு பத்து நிமிடத்தில் ஓடிவிடாது. அந்தப் பிழையில் அம்மா பாதிதான் படித்தார். ஈரம் கூடாது என்று படித்தார். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் காற்று வேண்டும் என்பதைப் படிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், நீங்கள் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் கடைசிச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில், எனக்கும் அம்மாவுக்கும் வயிற்றுக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று அப்பா உங்களுக்குச் சொன்னார். அது பொய். இனி எழுதுவதுதான் உண்மை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நூலகத்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் இலவசமாக வைத்திருந்தார்கள். நான் அதைக் கொண்டுவந்து, பென்சிலால் அடையாளமிட்டு, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எங்கே காற்று வருகிறது என்று ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன். புகை ஆடும் இடமெல்லாம் அடைத்தேன். கடைசியாக மிச்சம் இருந்தது முன் அறைச் சுவரில் என் மேசைக்கு மேலே இருந்த துவாரம். அதன் வழியே வரும் காற்று நேரே என் கழுத்தில் விழும். அதையும் டேப்பால் ஒட்டினேன்.

"நான்தான் ஒட்டச் சொன்னனான் எண்டு எழுது" என்கிறார் அம்மா.

"நீங்கள் சொல்லேல்ல அம்மா."

"நான் கண்டும் பேசாமல் இருந்தனான்தானே. அது சொன்ன மாதிரித்தான்."

இல்லை, அண்ணை. அந்தப் புத்தகத்திலேயே, சுவரில் காற்றுக்காகக் கட்டியிருக்கும் துவாரங்களை அடைக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் வாசித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அதை விட்டுவிட்டேன், ஏனென்றால் கழுத்துக் குளிர்ந்தது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் அம்மாவுக்கும் தெரிகிறது. அம்மா, "சரி, எழுது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா தலை முழுகிச் சாம்பிராணி காட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அலாரம் கத்தும் என்று அதற்குப் பிளாஸ்டிக் பை கட்டுவது நீங்கள் சின்ன வயதில் கதிரையில் ஏறிச் செய்த வேலை. அந்தக் குளிர்காலத்தில் அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தார். புகை அடங்கிய பிறகும் தணல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சிவந்து கிடக்கும். அதை ஏன் வெளியில் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும்? சட்டியை முன் அறை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினால் ஹீட்டிங்கே தேவையில்லை. முதல் இரண்டு வெள்ளி அப்படி இருந்தோம். அப்போது துவாரம் திறந்திருந்தது. மூன்றாவது வெள்ளி, நான் டேப் ஒட்டியதற்கு அடுத்த நாள்.

நான் மேசையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ஈரத்தலையை விரித்துவிட்டு சோபாவில் சரிந்திருந்தார். அறை முழுக்கச் சாம்பிராணி வாசம். கெட்ட மணம் எதுவும் இல்லை, புகையும் இல்லை, கண் எரியவில்லை. எழுத்துகள் தாளை விட்டு மிதப்பது போல இருந்தது. தலை இடிக்கிறது என்றேன். "எனக்கும் இடிக்குது, தடிமன் காய்ச்சல் வரப்போகுது போல" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் எனக்கு வாந்தி வரப் பார்த்தது. எழும்பினேன், கால் என் சொல் கேட்கவில்லை. நிலத்தில் இருந்தேன். சட்டி பக்கத்தில் இருந்தது, கையில் இதமாகச் சுட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா நித்திரை. இன்னொரு முறை கூப்பிட வேண்டும் என்று நினைத்ததும், நித்திரைதானே, எழுப்ப வேண்டாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. எனக்குப் பயமே வரவில்லை, அண்ணை. இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அப்பாவின் பெற்றோல் நிலையத்தில் அன்று அடுத்த ஷிப்ட்காரர் நேரத்துக்கு முன் வந்தபடியால் அப்பாவும் முன்னதாக வந்தார். கதவைத் தள்ளினால் கீழே வைத்த சேலைச் சுருள் தடுத்தது. தோளால் இடித்துத் திறந்தார். என்னைத் தூக்கி வாசல் படியில் வைத்துவிட்டு அம்மாவை இழுத்து வந்தார். அம்மாவின் ஈரத்தலை படியில் உறைந்துவிடும் என்று நான் அழுதேனாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ், வீட்டில் ஏதாவது எரித்தீர்களா என்று கேட்டார். நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கோடு அம்மா சொன்னார்: "இல்லை எண்டு சொல்லு. தணல் எண்டு சொன்னால், பிள்ளை பாக்கத் தெரியாதவள் எண்டு கவுன்சில்காரர் வந்து உன்னைக் கொண்டுபோயிடுவினம்." நான் இல்லை என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். நேர்ஸ் கோபிக்கவில்லை. என் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: உங்கள் இரத்தம் வேறு சொல்கிறது, எதை எரித்தீர்கள் என்று தெரியாவிட்டால் நீங்கள் திரும்பி அதே அறைக்குத்தான் போவீர்கள். நான் சொல்லிவிட்டேன். ஒருவரும் என்னைக் கொண்டுபோகவில்லை. அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கரி எரியும்போது மணமும் நிறமும் இல்லாத ஒரு நச்சுக் காற்று வரும், புகை நின்ற பிறகும் தணல் இருக்கும் வரை வரும். புகை அலாரத்துக்கு அது தெரியாது; அதற்கென்று வேறு அலாரம் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அது எங்களை விடக் கெதியில் ஏறும். அந்தக் கடைசி வசனத்தை நான் அன்று அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லையே என்று நினைத்தேன். இன்றுதான் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து எழுதவிடாமல் நிறுத்தினார்.

"இண்டைக்குப் போட்டால் திங்கட்கிழமை காலைமை கிடைச்சிடும்தானே?"

"சனிக்கிழமைத் தபால் மத்தியானமே எடுத்திட்டாங்கள் அம்மா. செவ்வாய்க்கிழமைதான் போகும்."

அம்மா எழும்பினார், திரும்ப இருந்தார். எனக்குத் தெரிந்த அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். இந்த முறை வழி ஒன்றே ஒன்றுதான், அது மேசையில் இருந்தது. தன் போனை எடுத்து அண்ணியின் எண்ணை என்னைக் கொண்டு அழுத்துவித்தார். அடுத்த பத்து நிமிடத்தில் நடந்ததை, நீங்கள் வேலையில் இருந்ததால், அப்படியே எழுதுகிறேன்.

"வாங்கோ சம்பந்தி" என்றது மாமியின் குரல். "இப்பதான் உங்களைப் பற்றிக் கதைச்சனாங்கள். நீங்கள் சொன்ன மாதிரி அடைச்சதில அறை நல்ல கணகணப்பு. இவளை முழுகவாத்தனான், தலை காயட்டும் எண்டு தணலும் வைச்சிருக்கிறன்."

"எப்ப வைச்சனீங்கள்?"

"மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு. இவளுக்குத்தான் கொஞ்சம் தலையிடி."

"நித்திரை காணாது, அதுதான் மாமி" என்று அண்ணி தூரத்திலிருந்து அம்மாவுக்குச் சொன்னார். குரல் இழுபட்டது.

"குழந்தை?" என்று கேட்டார் அம்மா.

"அவள் தங்கம். சத்தமே இல்லை. பாலுக்குக்கூட எழும்பேல்ல."

அம்மாவின் முகத்தை நான் எழுதமாட்டேன். "யன்னலைத் திறவுங்கோ" என்றார். உடனே, "இல்லை, யன்னல் வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரும் வெளியால போங்கோ. இப்ப."

"இந்தக் குளிருக்கையோ? சம்பந்தி, முப்பத்தொண்டு கழியாமல் தாயையும் பிள்ளையையும் வாசல் தாண்ட விடுறதோ? என்ன கதைக்கிறியள்?"

"சம்பந்தி, கேளுங்கோ. ரெண்டு வருசத்துக்கு முன்னம் நான் என்ர பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தனான். இதே தணல், இதே அடைப்பு. ஆஸ்பத்திரியில கிடந்தனாங்கள். உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டு மறைச்சனான். வெளியால போங்கோ சம்பந்தி, உங்களுக்குக் கால்ல விழுந்து கேக்கிறன்."

மறுபக்கம் ஒரு கதிரை விழுந்தது. அண்ணி, "அம்மா, பிள்ளையைப் பிடியுங்கோ, எனக்குக் கால் நிக்குதில்லை" என்று தன் தாயிடம் சொன்னார். கதவு திறக்கும் சத்தம், பிறகு தெருவில் கார்கள் போகும் சத்தம். நான் என் போனில் அம்புலன்ஸுக்கு அடித்து உங்கள் விலாசத்தைச் சொன்னேன். எல்லாரும் வெளியில் நிற்க வேண்டும், ஒருவரும் உள்ளே திரும்பிப் போகக் கூடாது என்றார்கள். அம்மா அதைத் தமிழில் மாமிக்குச் சொன்னார். அப்பாவுக்கும் அடித்தோம், பெற்றோல் நிலையத்தை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காரோடு வருகிறார். உங்கள் வேலைத்தளத்துக்கும் சொல்லிவிட்டோம்.

இப்போது நான் கோட் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கடிதம் போதும், நேரில் சொல்லலாம் என்றேன். "இல்லை, எழுதி முடி. ஆக்களின்ர முகத்தைக் கண்டால் நான் குறைச்சுச் சொல்லிப் போடுவன். தம்பி முழுக்க வாசிக்க வேணும்" என்றார் அம்மா. அண்ணியோடு எடுத்த அழைப்பை வெட்டவில்லை; அம்மாவின் போன் இன்னும் ஸ்பீக்கரில் எங்கள் மேசையில் கிடக்கிறது. மாமி பக்கத்து வீட்டுக்காரரின் போர்வையில் குழந்தையைச் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். "முகத்தில ஊதுங்கோ, உள்ளங்காலைத் தேயுங்கோ" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது சரியா என்று எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை.

இந்த வரி எழுதும்போது குழந்தை அழத் தொடங்கியிருக்கிறாள். முதலில் பூனைக்குட்டி போல, இப்போது பலமாக.

"வீரிட்டுக் கத்துறாள் சம்பந்தி. என்னெண்டு தேத்துறது?" என்று மாமி அழுகிறார்.

"தேத்தாதேங்கோ" என்கிறார் அம்மா. "கத்தட்டும். எனக்குக் கேக்கிற மாதிரிப் பிடியுங்கோ."

அங்கே அம்புலன்ஸ் வந்துவிட்டது. அதன் சத்தத்துக்கு மேலாகவும் அவள் அழுவது கேட்கிறது. அவர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை முடிக்கிறேன், அண்ணை. தபாலில் போடவில்லை. உங்கள் கையில் தருவோம். அப்பா வாசலில் ஹோர்ன் அடிக்கிறார். அம்மா போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு அறையாகப் போகிறார். கடைசி வரியைத் தெரு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டு விளக்குகளை அணைத்தாயிற்று.